தலைமையாசிரியருக்குப் பயிற்சி எதற்கு என்பவர்களுக்கு

அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு உண்டு உறைவிடப் பயிற்சி என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் ஒரே பேச்சுத்தான் எழுகிறது. முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவருக்கு யார் வந்து என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள்? பவர்பாயின்ட் ஓட்டுவார்கள், குழுவாகப் பிரித்து சார்ட்டில் எழுதி ஒட்டச் சொல்வார்கள், கடைசி நாள் சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பிவைப்பார்கள். அந்தப் பணத்தில் கழிப்பறை கட்டலாம், காலியாகக் கிடக்கும் இடத்தில் ஓர் ஆசிரியரைப் போடலாம். வரி கட்டுகிறவர் இப்படிச் சொல்கிறார். நாளிதழ் நடுப்பக்கத்தில் எழுதுகிறவரும் சொல்கிறார். பயிற்சிக்குப் போய்த் திரும்பிய தலைமையாசிரியரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்து இதைத்தான் சொல்கிறார். எதிர்த்துப் பேச யாரும் இல்லாததால், அரசுப் பணத்தில் தலைமையாசிரியருக்குப் பயிற்சி என்பது வெட்டிச் செலவு என்ற முடிவு நம்மிடையே நிலைத்துவிட்டது.

இந்த முடிவு தவறு. அரசுப் பள்ளிகளை நம்பியிருக்கும் பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்யும் தவறு.

முதலில் அனுபவத்தைப் பற்றி. ஓர் ஆசிரியரின் அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. இயற்பியல் முதுகலை ஆசிரியர் ஒருவர் இருபத்தைந்து ஆண்டுகளில் பிளஸ் டூ மாணவர்களுக்கு ஒளியியலை எப்படிப் புரியவைப்பது என்று கற்றிருப்பார். பின்வரிசைப் பையனின் முகத்தைப் பார்த்தே அவன் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஊகிக்கக் கற்றிருப்பார். ஒரு கலந்தாய்வில் ஆணை வாங்கிய மறுநாள் அவர் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர். அன்று காலை அவர் முன்னால் வந்து நிற்கும் வேலைகளில் ஒளியியல் எங்கே இருக்கிறது? கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகைப் பதிவு ஏறியாக வேண்டும். இரண்டு ஆசிரியர்கள் விடுப்பு. அவர்களுடைய பாடவேளைகளைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளி மானியத்துக்குச் செலவுச் சீட்டும் பயன்பாட்டுச் சான்றும் கேட்டிருப்பார்கள். பெற்றோர் ஒருவர் தலைவராக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டித் தீர்மானம் எழுத வேண்டும். சத்துணவுக் கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். நேற்றுவரை உடன் அமர்ந்து தேநீர் குடித்த சக ஆசிரியர் தாமதமாக வருவதை இன்று கேட்க வேண்டும். இந்தக் கடைசி வேலைக்கு எந்த அரசாணையிலும் வழி எழுதியிருக்காது. பல தலைமையாசிரியர்கள் முதல் ஆண்டிலேயே தடுமாறுவது இந்த இடத்தில்தான்: கேட்காமல் விட்டுவிடுகிறார்கள், அல்லது மெமோ கொடுத்து உறவை முறித்துக்கொள்கிறார்கள்.

துறைத் தேர்வுகள் இருக்கின்றனவே என்று சிலர் சொல்வார்கள். டி.ஐ. டெஸ்ட், அக்கவுண்ட் டெஸ்ட் எழுதித் தேறித்தானே உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆகிறார்கள்? உண்மை. அந்தத் தேர்வுகள் விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்கின்றன. அதுவும் தேவைதான். ஆனால் எட்டாம் வகுப்பில் பத்துப் பேர் இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு, தமிழாசிரியரோடும் ஆங்கில ஆசிரியரோடும் உட்கார்ந்து அதற்கு என்ன செய்வது என்று பேச அக்கவுண்ட் டெஸ்ட் உதவாது. ஓர் ஆசிரியரின் வகுப்பில் போய் உட்கார்ந்து, அவர் மனம் சுருங்காதபடி, அவர் பாடம் நடத்தும் விதம் பற்றி ஒரு வார்த்தை பயனுள்ளதாகச் சொல்வது தனியாகக் கற்க வேண்டிய திறமை.

ஒப்பிட்டுப் பாருங்கள். அதே பள்ளியின் அலுவலகத்தில் டி.என்.பி.எஸ்.சி. எழுதி வேலைக்குச் சேரும் இளநிலை உதவியாளர் பவானிசாகருக்குப் போய் அடிப்படைப் பயிற்சி முடித்தால்தான் அவருடைய தகுதிகாண் பருவம் நிறைவடையும். யாரும் அதை வெட்டிச் செலவு என்று சொல்லிக் கேட்டதில்லை. ஆட்சிப் பணிக்குத் தேர்வானவர்களை முசோரிக்கு அனுப்புகிறோம். காவல்துறைக்குப் பயிற்சிக் கல்லூரி வைத்திருக்கிறோம். நீதிபதிகளுக்குக்கூட மாநில நீதித்துறைப் பயிற்சிக் கழகம் இருக்கிறது. ஆயிரம் பிள்ளைகளின் பகல் பொழுதை ஒப்படைக்கும் பதவிக்கு மட்டும், நாற்காலியில் உட்காரும் முன் முடித்தாக வேண்டிய பயிற்சி என்று எதுவும் இல்லை. துறைத் தேர்வு போக, பணிமூப்புப் பட்டியலில் பெயர் மேலே வந்தால் போதும். பயிற்சிகள் நடக்காமல் இல்லை. நிதி வந்த ஆண்டில் நடக்கும், வராத ஆண்டில் நின்றுபோகும்; சிலருக்கு அழைப்பு வரும், சிலருக்கு ஓய்வு பெறும்வரை வராது.

இந்தப் பயிற்சி எதற்குத் தேவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. உடன் படித்த மாணவர்களே ஒரு தலித் மாணவனின் வீடு புகுந்து அவனையும் தடுக்கப் போன தங்கையையும் வெட்டினார்கள். தமிழக அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். கையில் கட்டும் சாதிக் கயிறு முதல் ஆசிரியர்களின் இடமாற்றம்வரை பலவற்றைப் பேசிய அந்த அறிக்கையைச் சுற்றிப் பெரிய விவாதம் நடந்தது. அந்த விவாதத்தில் நான் எதிர்பார்த்துக் கிடைக்காத கேள்வி ஒன்று உண்டு. சாதிப் பகை பள்ளிக்குள் ஊறிக்கொண்டிருக்கும்போது அதை முதலில் உணர வேண்டிய இடத்தில் இருப்பவர் தலைமையாசிரியர். எந்தக் கயிறு எந்தச் சாதிக்கு என்பது அவருக்குத் தெரியும். எந்த மாணவன் ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை என்பது பதிவேட்டில் இருக்கிறது. அவன் வீட்டுக்கு யாரை அனுப்புவது, மிரட்டுகிற மாணவனின் பெற்றோரிடம் என்ன சொல்வது, ஊர்ப் பெரியவர்கள் சமரசம் பேச வந்தால் பள்ளியின் வாசலிலேயே அவர்களை எப்படி நிறுத்துவது, எந்தக் கட்டத்தில் காவல் நிலையத்துக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் தகவல் போக வேண்டும்? இவற்றை அவருக்கு யார், எப்போது கற்றுக்கொடுத்தார்கள்? முப்பது ஆண்டு ஆசிரியர் அனுபவம் பெரும்பாலும் சொல்லிக்கொடுத்திருப்பது ஒன்றைத்தான்: பிரச்சினையைப் பெரிதாக்காமல் இருதரப்பையும் கூப்பிட்டுப் பேசி அனுப்பிவிடுவது. பல பள்ளிகளில் வெட்டரிவாள்வரை போகும் பகை இப்படிப் பேசி அனுப்பப்பட்ட பகைதான். அனுபவமே போதும் என்பவர்கள் இந்த அனுபவத்தைத்தான் போதும் என்கிறார்கள்.

இன்னோர் எடுத்துக்காட்டு: பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. தன் கீழ் வேலை செய்யும் ஒருவர் குழந்தையிடம் குற்றம் செய்ததைப் புகாராகத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டுவரை சிறைத் தண்டனை உண்டு என்கிறது அதன் 21ஆம் பிரிவு. அதாவது, ஓர் ஆசிரியர் மீது ஒரு மாணவி புகார் சொன்ன பிறகு, பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று நினைத்துத் தலைமையாசிரியர் உள்ளுக்குள்ளேயே விசாரித்து முடித்துவிட்டால் அவரே குற்றவாளி. சட்டத்தின் சுற்றறிக்கை அவருடைய வாட்ஸ்ஆப்புக்கு வந்திருக்கும். அழுதுகொண்டு நிற்கும் பதிமூன்று வயதுப் பெண்ணிடம் என்ன கேட்கலாம், எதைத் திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது, 1098 எண்ணை எப்போது அழைப்பது என்பவற்றைச் சுற்றறிக்கையிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. ஏற்கெனவே இப்படியொரு சூழலைக் கடந்த தலைமையாசிரியரோடு உட்கார்ந்து, நடந்ததைப் படிப்படியாகப் பிரித்துப் பேசி, தானே ஒருமுறை பேசிப் பார்த்துக் கற்க வேண்டும். இதற்கு நேரமும் இடமும் ஆளும் வேண்டும், அதாவது பணம் வேண்டும்.

எதிர்த் தரப்பின் வலுவான வாதம் இனிமேல்தான் வருகிறது. தேவை இருக்கிறது, சரி. பயிற்சி அந்தத் தேவையைத் தீர்த்ததற்கு என்ன ஆதாரம்? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் பள்ளி நிர்வாகத்தை மேம்படுத்த எடுத்த ஒரு பெரிய முயற்சியைக் பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளீதரனும் அபிஜீத் சிங்கும் ஆய்வு செய்தார்கள். பள்ளிகளை மதிப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுதவைக்கும் ஏற்பாடு அது. சில பள்ளிகளைக் குலுக்கல் முறையில் அந்தத் திட்டத்தில் சேர்த்து, சேராத பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். பள்ளி நடக்கும் விதமும் மாறவில்லை, பிள்ளைகளின் கற்றலும் மாறவில்லை. அப்படியிருந்தும் அந்த ஏற்பாடு வெற்றி என்று கருதப்பட்டு நாடு முழுக்க 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது. பயிற்சியை எதிர்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனால் அந்த ஆய்வை முழுதாகப் படித்தால் அது வேறொன்றைச் சொல்கிறது. பள்ளிகள் திட்டத்தை எழுதின, பதிவேற்றின. அதற்குப் பிறகு யாரும் வந்து அந்தத் திட்டம் என்னவாயிற்று என்று கேட்கவில்லை. உதவி செய்யவும் இல்லை. தலைமையாசிரியர்கள் அதை இன்னொரு காகித வேலையாக எடுத்துக்கொண்டார்கள். படிவம் நிரப்பவைப்பதும் மூன்று நாள் உரை கேட்கவைப்பதும் ஒருவரைத் தலைமையாசிரியர் ஆக்காது. இதில் எனக்கும் எதிர்த் தரப்புக்கும் கருத்து வேற்றுமையே இல்லை. சடங்காக நடக்கும் பயிற்சியைப் பார்த்துவிட்டுப் பயிற்சிக்கே பணம் தராதே என்பது, தரமில்லாத பாடப்புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகமே வேண்டாம் என்பதைப் போன்றது.

ஒழுங்காகச் செய்த இடங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் நியூயார்க், டென்வர் உள்ளிட்ட ஆறு பெரிய பள்ளி மாவட்டங்கள் தலைமையாசிரியர்களை முன்கூட்டியே அடையாளம் கண்டு, தயார்செய்து, பொறுப்பேற்ற பிறகும் சில ஆண்டுகள் மூத்த தலைமையாசிரியர் ஒருவரைத் துணைக்கு வைத்தன. ராண்ட் ஆய்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, அப்படிப் புதிதாக வந்த தலைமையாசிரியர்களின் பள்ளிகள் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஒப்புநோக்கிய பள்ளிகளைவிட வாசிப்பில் 6 சதமான நிலைக்கும் மேல், கணக்கில் ஏறக்குறைய 3 சதமான நிலை முன்னேறியிருந்தன. ஆன செலவு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 42 டாலர். அந்த மாவட்டங்களின் மொத்தச் செலவில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. அங்கே பயிற்சி தனியாக நடக்கவில்லை, தேர்வு முறையையும் சேர்த்தே மாற்றினார்கள் என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அதுவே என் வாதத்துக்கு உதவுகிறது: பதவிக்கு வரும் முன்பும் வந்த பின்பும் தொடர்ந்து நடப்பதுதான் பயிற்சி.

தலைமையாசிரியர் யார் என்பதால் பிள்ளைகளின் கற்றல் மாறுமா என்ற ஐயமும் சிலருக்கு இருக்கிறது. கல்வி ஆய்வாளர் ஜேசன் கிரிஸம் முதலான மூவர் இருபது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் எழுதிய அறிக்கை இதற்கு மாதக் கணக்கில் பதில் தருகிறது. சராசரிக்குக் கீழே இருக்கும் தலைமையாசிரியரின் இடத்துக்குச் சராசரிக்கு மேலே இருப்பவர் வந்தால், அந்தப் பள்ளிப் பிள்ளைகள் ஓராண்டில் கணக்கில் 2.9 மாதமும் வாசிப்பில் 2.7 மாதமும் கூடுதலாகக் கற்கிறார்கள். நல்ல ஆசிரியர் ஒருவர் தன் வகுப்பை மட்டும் மாற்றுவார். தலைமையாசிரியர் மாறினால் பள்ளி முழுவதும் மாறும். பொருளாதார அறிஞர் நிக்கலஸ் புளூம் குழுவினர் எட்டு நாடுகளில் 1,800 பள்ளிகளின் நிர்வாகத் தரத்தை அளந்தபோது இந்தியா கடைசியில் நின்றது. நம்முடையது பயிற்சியைக் கைவிட வேண்டிய நாடு அல்ல.

இதில் நமக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை என்பதுதான் வருத்தம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஏ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பள்ளி ஒழுங்காக நடப்பது கடைசியில் தலைமையாசிரியரைப் பொறுத்தது என்று அழுத்திச் சொன்னது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தேசியக் கல்வித் திட்டமிடல் பல்கலைக்கழகத்தில் பள்ளித் தலைமைக்கென ஒரு தேசிய மையம் உருவானது 2012இல்தான். சிங்கப்பூர் தன் வருங்கால முதல்வர்களைப் பல மாதம் முழுநேரப் படிப்புக்கு அரசுச் செலவில் அனுப்புகிறது. பக்கத்தில் இலங்கையில் அதிபர் எனப்படும் பள்ளி முதல்வர் பதவி தனிச் சேவையாகவே இருக்கிறது. போட்டித் தேர்வு எழுதித்தான் அதற்குள் போக முடியும். மீப்பேயில் அவர்களுக்கென்றே கல்வித் தலைமைத்துவ நிலையம் இயங்குகிறது.

சிங்கப்பூர் என்றதும் 2023இல் பஞ்சாப் அரசு 36 பள்ளி முதல்வர்களை அங்கே அனுப்பியதும், டெல்லி அரசு ஆசிரியர்களைப் பின்லாந்துக்கு அனுப்ப முயன்று துணைநிலை ஆளுநரோடு மோதியதும் நினைவுக்கு வரலாம். அந்தச் சண்டைகள் இந்த விஷயத்துக்குக் கெடுதலே செய்தன. வெளிநாட்டுப் பயணம் வேண்டுமா வேண்டாமா என்பதுதான் தலைமையாசிரியர் பயிற்சி பற்றிய கேள்வி என்று மக்கள் நினைக்கும்படி ஆயிற்று. நான் கேட்பது விமானச் சீட்டு அல்ல. திருவண்ணாமலையிலோ ராமநாதபுரத்திலோ புதிதாகப் பொறுப்பேற்ற ஒருவருக்கு, மாதம் ஒருமுறை அவர் பள்ளிக்கே வந்து ஒரு நாள் முழுக்க உடன் இருக்கும் அனுபவமிக்க தலைமையாசிரியர்.

அடுத்து, பணம். கழிப்பறையா பயிற்சியா என்று கேட்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரு மாநிலத்தின் கல்வி நிதியில் இவை இரண்டும் ஒன்றோடொன்று போட்டியிடும் அளவிலேயே இல்லை. நிதியில் பெரும்பகுதி சம்பளத்துக்குப் போகிறது. பயிற்சிக்குச் செல்வது அதன் ஓரத்தில் ஒரு துளி. அந்தத் துளியும் பெரும்பாலும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தை நம்பியிருக்கிறது. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று ஒன்றிய அரசு 2024–25இல் அந்தக் கல்வித் திட்டத்தின் கீழ் தமிழகத்துக்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தியது நமக்குத் தெரியும். இப்படி நெருக்கடி வரும்போது சம்பளத்தை நிறுத்த முடியாது, உணவை நிறுத்த முடியாது. முதலில் கைவைக்க எளிதானது பயிற்சி. பயிற்சி வீண் என்ற பொதுக் கருத்து அப்போது நிதித் துறைக்குத் துணையாக வந்து நிற்கும். நீங்களும் நானும் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருப்பது கோப்பில் ஒரு காரணமாக ஏறிவிடும். கட்டிய கழிப்பறையைச் சுத்தமாகவும் பூட்டாமலும் வைத்திருப்பது யார் பொறுப்பு என்பதையும் இந்த ஒப்பீட்டைச் செய்பவர்கள் யோசிக்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் கழிப்பறைகள் நம் பள்ளிகளில் குறைவாகவா இருக்கின்றன?

இன்னொரு வாதம்: தமிழகத்தில் பலர் ஐம்பது வயது கடந்துதான் தலைமையாசிரியர் ஆகிறார்கள், ஓய்வு வயது 60, சில ஆண்டுகளில் போகப்போகிறவருக்குச் செலவழித்து என்ன பயன்? இந்த வாதம் பயிற்சியின் காலத்தைப் பற்றியது, பயிற்சியைப் பற்றியது அல்ல. அடுத்து யார் தலைமையாசிரியர் ஆகப்போகிறார்கள் என்பது அரசுக்கு முன்கூட்டியே தெரியும். ஒவ்வொரு பதவி உயர்வுக்கும் முன்னுரிமைப் பட்டியல் தயாரிக்கிறார்கள். அதை எல்லோரும் பேனல் என்கிறார்கள், தங்கள் பெயர் எத்தனையாவது இடம் என்று ஆசிரியர்களே விரலில் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் மேலே இருப்பவர்களை ஓராண்டுக்கு முன்பே தயார்செய்யத் தொடங்கினால், நாற்காலியில் உட்காரும் முதல் நாளிலிருந்து அவர்களுடைய காலம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். குறுகிய காலமே இருக்கும் ஒருவர் முதல் ஓராண்டைத் தட்டுத்தடுமாறிக் கற்பதில் கழிப்பதுதான் உண்மையான வீண்.

பயிற்சிக்குப் போனால் பள்ளி காலியாகிறது என்ற குறையில் முழு நியாயம் இருக்கிறது. ஈராசிரியர் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியரை மூன்று நாள் மாவட்டத் தலைநகருக்கு அழைத்தால் ஐந்து வகுப்பும் ஒரே ஆசிரியர் தலையில் விழுகிறது. இதைத் தெரிந்துகொண்டே அழைப்பது பொறுப்பற்ற செயல். ஆகவே பயிற்சிச் செலவில் மாற்று ஆசிரியருக்கான ஊதியமும் சேர வேண்டும். அந்தச் செலவைச் சேர்க்காமல் போடும் எந்தப் பயிற்சித் திட்டமும் பாதித் திட்டம்.

அரசு ஏன் செலவழிக்க வேண்டும், தொண்டு நிறுவனங்கள் இலவசமாகவே தருகின்றனவே என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்தான். கொடுப்பவர் விரும்பும் மாவட்டத்தில், விரும்பும் காலம்வரை, விரும்பும் பாடம்தான் அங்கே கிடைக்கும். சாதிக் கயிறும் போக்சோவும் அந்தப் பாடத்தில் இருக்குமா என்பது அவர்கள் கையில். கட்டணப் பள்ளிகள் தங்கள் முதல்வர்களைத் தங்கள் செலவில் தயார்செய்துகொள்ளும். கையெழுத்து போட மட்டுமே தெரிந்த கூலித் தொழிலாளியின் மகள் படிக்கும் பள்ளிக்கு அரசைத் தவிர வேறு நாதி கிடையாது.

ஆசிரியர் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய ஓய்வூதியம், காலிப் பணியிடம், பதவி உயர்வு என்று ஆண்டுதோறும் வைக்கும் கோரிக்கைகளோடு இதையும் சேருங்கள்: முன்னுரிமைப் பட்டியலில் இடம்பெறும் ஒவ்வோர் ஆசிரியருக்கும் பொறுப்பேற்கும் முன் அரசுச் செலவில் பயிற்சி, பொறுப்பேற்ற பின் இரண்டு ஆண்டு மூத்த தலைமையாசிரியர் ஒருவரின் துணை, பயிற்சி நாட்களுக்கு மாற்று ஆசிரியர். பதவி உயர்வை உரிமையாகக் கேட்டு வாங்கிய நீங்கள், அந்தப் பதவிக்கான பயிற்சியையும் உரிமையாகக் கேட்க வேண்டும்.